விளையாட்டுக்கு விதி வேண்டும்: கிராஃபிக் டிசைன் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"கான்செப்ட் பலமாக இருக்கட்டும், கொஞ்சம் விளையாட்டாகவும் இருக்கட்டும்." புராஜெக்ட் தரும்போது ஆசிரியர் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். எங்கே தொடங்குவது, எதை வெட்டுவது, எதை அச்சுக்கு அனுப்புவது என்பதெல்லாம் மாணவர் பாடு. அப்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

தலைப்பு, ஸ்டைல், கான்செப்ட் மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது?

தலைப்பு ஒரு பெயர்ச்சொல்: மறதி, தூசி, காத்திருப்பு. ஸ்டைல் கண்ணுக்குத் தெரியும் உடை. கான்செப்ட் என்பது வினைச்சொல் இல்லாமல் எழுதவே முடியாத ஒரு வாக்கியம். "மறதியைப் பற்றிய புத்தகம்" என்றால் தலைப்போடு நின்றுவிட்டீர்கள். "பக்கத்துக்குப் பக்கம் ஒரு எழுத்தை அடியோடு கைவிட்டுக்கொண்டே போகும் புத்தகம்" என்றால் கான்செப்ட் வந்துவிட்டது. இரண்டாவதைச் சொன்னதுமே எத்தனை பக்கம் வேண்டும், முதலில் எந்த எழுத்து போகும், கடைசிப் பக்கத்தில் என்ன மிஞ்சும் என்று வேலை தானாகக் கிளம்புகிறது. அப்படிக் கிளம்பாதவரை கையில் இருப்பது வெறும் தலைப்புதான்.

விளையாட்டுத்தனம் என்றால் பளிச் நிறமும் வேடிக்கைப் படமும்தானே?

அது பூச்சு. விளையாட்டை விளையாட்டாக்குவது விதி. கண்ணாமூச்சியில் கண்ணை மூடாவிட்டால் ஆட்டமே கிடையாது. டிசைனிலும் அப்படித்தான்: எதைச் செய்யக் கூடாது என்று முதலில் ஒரு கோடு போட வேண்டும், அந்தக் கோட்டுக்குள் பார்ப்பவருக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்க வேண்டும்.

அமெரிக்க டிசைனர் பால் ராண்ட் 1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்குச் செய்த போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண், ஒரு தேனீ, அடுத்து 'எம்' என்ற எழுத்து. ஆங்கிலத்தில் கண் 'ஐ', தேனீ 'பீ'. வாய்விட்டுச் சொன்னால்தான் பெயர் கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டியது அவர் மாற்றாமல் விட்ட மூன்றாவது எழுத்து. நிறுவனத்துக்கே உரிய கோடு போட்ட வடிவத்தில் அது நிற்கிறது, புதிருக்குத் துப்பும் அதுதான். மூன்றையும் படமாக்கியிருந்தால் பலர் பாதி வழியில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எவ்வளவு மறைப்பது என்ற கணக்கு சாமர்த்தியமான படத்தைவிடப் பெரிய விஷயம்.

ஐடியாவே வரவில்லை. எங்கிருந்து பிடிப்பது?

காத்திருந்தால் வராது, ஒரு பெட்டி போட்டுத் தேடுங்கள். வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி பயன்படுத்திய பெட்டி முறையை ஸ்விஸ் டிசைனர் கார்ல் கெர்ஸ்ட்னர் 1960-களில் கிராஃபிக் டிசைனுக்குக் கொண்டுவந்தார். மாணவருக்கு அதன் எளிய வடிவமே போதும்.

ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள். முதல் பத்தியில் 6 பொருள்கள்: போஸ்டர், உறை, ரசீது, வரைபடம், நாட்காட்டி, ஒட்டுப்படம். இரண்டாவதில் 6 வினைகள்: மறை, கிழி, மடி, எண்ணு, பொய் சொல், தாமதி. மூன்றாவதில் பார்ப்பவர் செய்யும் 6 காரியங்கள்: திருப்புகிறார், வெளிச்சத்தில் பிடிக்கிறார், வாய்விட்டுப் படிக்கிறார், இன்னொருவரிடம் கொடுக்கிறார், பின்வாங்கி நின்று பார்க்கிறார், ஒரு பகுதியை எடுத்துச் செல்கிறார். மொத்தம் 216 சேர்க்கைகள். பகடையை மூன்று முறை உருட்டி வருவதை எடுத்து, அதைத் தலைப்போடு பொருத்தி 2 நிமிடத்தில் ஒரு கட்டைவிரல் அளவு ஸ்கெட்ச் போடுங்கள். 40 நிமிடத்தில் 20 ஆகிவிடும்.

முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தோன்றுபவை. காலம் என்றால் கடிகாரம், சுதந்திரம் என்றால் பறவை. அவற்றையும் வரைந்து அடித்துவிடுங்கள். வரையாமல் விட்டால் அவை மனதிலேயே உட்கார்ந்து வழியை மறிக்கும்.

விதியை எப்படி எழுதுவது?

நான்கு உறுப்புகள் இருக்க வேண்டும்: பொருள், செயல், தடை, முடிவு. ஒரு மாதிரி: "A5 தாளில் கறுப்புப் பேனாவால் ஒருவர் 10 விநாடி ஒரே கோடு இழுக்கிறார். கோடு நின்ற முனையிலிருந்து அடுத்தவர் தொடர்கிறார். எந்தக் கோடும் இன்னொன்றைக் குறுக்கே வெட்டக் கூடாது. போக இடமில்லாதபோது தாள் முடிந்தது." மாணவர்கள் பெரும்பாலும் மறப்பது நான்காவது உறுப்பை. முடிவு எழுதாவிட்டால் "அழகாக இருக்கும்வரை" என்பது விதியாகிவிடும். அதோடு விதியின் கதை முடிந்தது.

விதியையே படைப்பாக்கலாம் என்பதை 1968 முதல் சுவரோவியங்களில் காட்டியவர் அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட். அவர் குறிப்புகளை எழுதினார், பெரும்பாலும் வரைந்தவர்கள் வேறு ஆட்கள். ஆம்ஸ்டர்டாமில் லூனா மௌரர், எடோ பவுலஸ், ஜோனதன் பக்கி, ரூல் வாவுட்டர்ஸ் ஆகியோர் 2008-இல் 'கண்டிஷனல் டிசைன்' என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டு, விதி போட்டுக் கூட்டாக வரைவதையே வேலைமுறையாக்கினார்கள். தமிழ் வாசகருக்கு இது புதிதும் அல்ல. பாம்பு வடிவத்துக்குள் பாட்டை அடைக்கும் நாகபந்தத்தில் பாம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் கட்டத்தில் ஒரே எழுத்து இரண்டு வரிகளுக்கும் பொருந்த வேண்டும், மாலைமாற்றைக் கடைசியிலிருந்து படித்தாலும் அதே பாட்டு வர வேண்டும். இப்படிச் சித்திரக்கவி எழுதியவர்கள் க்ரிட் (கட்டம்) போட்டு வேலை செய்தவர்கள்தான்.

விதி சரியா என்று பார்க்க, அதை அச்சிட்டு இரண்டு வகுப்புத் தோழர்களிடம் தனித்தனியே கொடுங்கள். வாய்விளக்கம் கூடாது. இரண்டு முடிவுகளும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் விதி மிக இறுக்கம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையென்றால் மிகத் தளர்வு. ஒரே குடும்பம், வேறு முகம் என்று தெரிந்தால் அச்சுக்குப் போகலாம்.

பகடை உருட்டி நிறம் தேர்ந்தெடுத்தேன். ஒரே நிறம்தான் அதிகம் வருகிறது, ஏன்?

இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். மொத்தம் உள்ள 36 வாய்ப்புகளில் 7 விழ 6 வழிகள். 2 விழ ஒரே வழி, 12-க்கும் ஒரே வழி. ஆக, 7-க்குக் கொடுத்த நிறம் தாளை ஆளும். எல்லா நிறமும் சமமாக வர வேண்டுமென்றால் ஒரே பகடை, 6 நிறம். ஒரு நிறம் அபூர்வமாக எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அதை 12-இல் வையுங்கள். சமமின்மையைத் தெரிந்து பயன்படுத்தினால் அது நல்ல கருவி.

இருபது ஸ்கெட்சில் எதைத் தேர்வது?

மூன்று சோதனைகள் உதவும். முதலாவது போன் சோதனை: படம் காட்டாமல் போனில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் "அப்போ கடைசியில் என்ன ஆகும்?" என்று கேட்டால் நல்ல அறிகுறி. "ஓ, நல்லா இருக்கு" என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்தது நீக்கல் சோதனை: விளையாட்டுப் பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். புராஜெக்ட் அப்படியே நின்றால் அந்த விளையாட்டு வெறும் அலங்காரம். கடைசியாகக் கைச் சோதனை: இன்று மாலைக்குள் தாள், கத்தரி, டேப் மட்டும் வைத்து ஒரு முரட்டு மாதிரி செய்ய முடியுமா? முடியாததை 4 வாரத்தில் முடிப்பதும் கடினம்.

நான்கு வார அவகாசத்தை எப்படிப் பங்கிடுவது?

ஐடியாவும் விதியும் 4 நாள், முரட்டு மாதிரிகள் 6 நாள், பிறரிடம் சோதனை 3 நாள், இறுதி லேஅவுட்டும் அச்சுக் கோப்பும் 7 நாள், அச்சும் கட்டுமானமும் 5 நாள், படம்பிடிப்பு 2 நாள். மீதி ஒரு நாள் இடறலுக்கு. ஐடியாவில் இரண்டு வாரம் ஊறிவிட்டுக் கட்டுமானத்தை ஓரிரவில் செய்வதுதான் வழக்கமான விபத்து. மடிப்பு கோணலானால் எப்பேர்ப்பட்ட கான்செப்டும் கோணலாகத்தான் தெரியும்.

டம்மி செய்யும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

டம்மி என்பது அச்சுக்கு முன் செய்து பார்க்கும் வெற்று மாதிரி. கணினியைத் திறக்கும் முன் வெள்ளைத் தாளில் உண்மை அளவில் ஒன்று செய்யுங்கள். மலிவான தொடக்கம் ஒற்றைத் தாள் புத்தகம். A4 தாளைப் படுக்கையாக வைத்து மூன்று முறை பாதிபாதியாக மடித்து விரித்தால் 8 கட்டங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74×105 மி.மீ. நடுக் கிடைக்கோட்டில், நடுவிலுள்ள இரண்டு நெடுவரிசைகளின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாகப் பின்னட்டை, முன்னட்டை, 2, 3. மேல் வரிசையில் 7, 6, 5, 4, இவை நான்கும் தலைகீழாக. முதல் தடவை எல்லோரும் மேல் வரிசையைத் திருப்ப மறப்பார்கள், அதனால் எண்களைப் பென்சிலால் எழுதி மடித்துப் பார்த்த பிறகே கோப்பைத் திறவுங்கள். சாதாரண பிரிண்டர் ஓரம்வரை அச்சிடாது. ஓரத்தைத் தொடும் படம் வேண்டாம், 8 மி.மீ. விட்டுவிடுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்க வேண்டும். கதை 18 பக்கம் வந்தால் 16-ஆகச் சுருக்குங்கள், அல்லது 20-ஆக்கி மிஞ்சும் இரண்டை வெறுமையாக விடுவதற்கு விதியிலேயே ஒரு காரணம் கண்டுபிடியுங்கள். 32 பக்கம் போனால் உள்தாள்கள் ஏறக்குறைய 1 மி.மீ. வெளியே தள்ளும், கனத்த தாளில் இன்னும் அதிகம். ஓரத்தை வெட்டிச் சமன்செய்யும்போது நடுப்பக்கங்கள் குறுகும். வெளி ஓரத்தில் விளையாட்டு வைத்திருந்தால் (ஓரத்தில் ஓடும் கோடு, எட்டிப் பார்க்கும் எழுத்து) அது இங்கேதான் மாட்டும்.

தாளுக்கு நார்த்திசை உண்டு. ஒரு தாளை இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கத்தில் மடிப்புக்கோடு நாருக்கு இணையாக இருக்கிறது என்று பொருள். நாருக்குக் குறுக்கே மடித்தால் கனத்த தாளில் மேற்பரப்பு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். தாளின் கனம் 170 ஜி.எஸ்.எம்.-க்கு (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேல் போனால் எழுதாத பேனா முனையாலோ எலும்பு மடிப்பானாலோ கோடு அழுத்திவிட்டு மடியுங்கள்.

இத்தாலிய டிசைனர் புருனோ முனாரி 1949 முதல் செய்த 'படிக்க முடியாத' புத்தகங்களில் சொல்லே கிடையாது. நிறத்தாள், வெட்டு, புரட்டல் அவ்வளவுதான். உங்கள் டம்மியும் வெள்ளைத் தாளாக இருக்கும்போதே கையைப் பிடித்து இழுக்கிறதா என்று பாருங்கள்.

ரிசோ அச்சுக்குக் கோப்பை எப்படித் தயார் செய்வது?

ரிசோ என்பது நிறத்துக்கு நிறம் தனியாக அச்சிடும் நகல் இயந்திரம். ஒரு நிறத்துக்கு ஒரு சாம்பல்நிறக் கோப்பு. இரண்டு நிறமென்றால் இரண்டு கோப்பு, ஒரே அளவு, ஒரே நிலை. ஒவ்வொரு நிறமும் தனி டிரம்மிலிருந்து (மை உருளையிலிருந்து) வருவதால் 1 முதல் 2 மி.மீ. வரை நகர்வு வரும். கண்ணுக்குள் கருமணி போலக் கச்சிதமாக உட்கார வேண்டிய படம் அங்கே தோற்கும். ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி அச்சிடுங்கள் அல்லது இடைவெளி விடுங்கள். நகர்வையே விதியில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது: ஒவ்வொரு பிரதியிலும் இரண்டாவது நிறம் வேறு இடத்தில் விழுவதுதான் கான்செப்ட் என்றால் இயந்திரம் உங்கள் பக்கம்.

பெரிய பரப்பை 100 விழுக்காடு நிரப்பினால் உருளைத் தடமும் மைக் கறையும் வரும், 70 முதல் 80 போதும். இந்த மை தாளில் ஊறுவது, முழுக்கக் காய்ந்து இறுகாது. தேய்த்தால் விரலில் ஒட்டும். ரிசோ அச்சிட்ட தாளை மறுபடி லேசர் பிரிண்டரில் செலுத்தவே கூடாது, அந்தச் சூட்டில் மை உருளையில் ஒட்டி இயந்திரம் பாழாகும்.

அசையும் வேலை, கோடிங் வேலை?

முதலில் ஃபிலிப்புக், அதாவது வேகமாகப் புரட்டினால் படம் அசையும் சிறு புத்தகம். விநாடிக்கு 12 படம் என்று வைத்தால் 60 தாளில் 5 விநாடி. தாள் 160 முதல் 200 ஜி.எஸ்.எம். இருக்கட்டும், மெல்லிய தாள் இரண்டிரண்டாகப் புரளும். கிளிப் பிடிக்கும் பக்கம் 15 மி.மீ.-க்கு மேல் கண்ணுக்கே தெரியாது, படத்தை வெளிப்பக்கம் தள்ளி வையுங்கள். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் 4 தாள் நீட்டுங்கள். கட்டைவிரல் தொடங்கும் இடமும் நிற்கும் இடமும் பார்வையில் தப்பிவிடும். வெட்டுவதற்கு முன் தாள்களுக்குப் பின்னால் எண் போட மறந்தவர்கள் அன்றிரவு தூங்குவதில்லை.

கோட் எழுதிப் படம் வரையும் பி5ஜேஎஸ் (p5.js) பயன்படுத்தினால் இரண்டு இடங்களில் சறுக்கும். 'டிரா' பகுதி சாதாரணமாக விநாடிக்கு 60 முறை ஓடும், தற்செயல் எண் தரும் ரேண்டம் கட்டளையை அதற்குள் வைத்தால் எல்லாம் நடுங்கும். இன்னொன்று, அருமையான ஒரு வடிவம் வந்து மறுபடி ஓட்டியதும் காணாமல் போவது. அதே தற்செயல் வரிசையை மறுபடி வரவைக்கும் ரேண்டம் சீட் எண்ணைத் தொடக்கத்திலேயே கொடுத்து, சேமிக்கும் கோப்பின் பெயரிலும் அந்த எண்ணைப் போடுங்கள்.

தமிழ் எழுத்தை வைத்து விளையாட நினைக்கிறேன். எதில் கவனம்?

முதலில் எழுத்தின் நடத்தையைப் பாருங்கள், உருவம் அப்புறம். மெய்யின் புள்ளியைப் பந்தாக்குவதும் பொட்டாக்குவதும் எல்லோரும் செய்வது. அந்தப் புள்ளி போனால் சொல்லுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் வேறு கதவு திறக்கும். 'பல்' என்ற சொல்லில் புள்ளி உதிர்ந்தால் 'பல' ஆகிவிடும், பல் பராமரிப்புப் போஸ்டருக்கு அதுவே போதும். 'கொ' எழுத்தில் ஒற்றை உயிரொலியின் குறி இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் நிற்கிறது. பிரிவு, காவல், அணைப்பு என்று எதற்கும் அது இடம் கொடுக்கும்.

சிக்கல்கள் மென்பொருளில் வரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்திடை வெளியை அதிகமாக்கினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகித் தனியாகத் தொங்கும், தலைப்பில் அதைக் கையால் சரிசெய்ய வேண்டும். எழுத்தைத் துண்டாக வெட்டி நகர்த்தப்போகிறீர்கள் என்றால் அவுட்லைனாக (வெறும் வடிவக் கோடுகளாக) மாற்றும் முன் ஒரு பிரதி எடுத்துவையுங்கள், பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லை. முழு எழுத்துருவே செய்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். உகர ஊகார வரிசையில் மட்டும் 36 வடிவங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு சொல், 5 முதல் 8 எழுத்து, நான்கு வாரத்துக்கு அது நிறைவான வேலை.

யாரிடம் சோதிப்பது, என்ன கேட்பது?

வகுப்புக்கு வெளியே உள்ள 5 பேர். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதலில் எதைத் தொட்டார், எத்தனை விநாடியில் திருப்பினார், எங்கே நின்றார், எப்போது கீழே வைத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இதை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் கோளாறு பொருளில். அங்கே அம்புக்குறியோ "இங்கே திறக்கவும்" என்ற வாசகமோ ஒட்டத்தான் முதலில் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஓரத்தில் 10 மி.மீ. அரைவட்ட வெட்டு வைத்தாலே விரல் தானாக அங்கே போகும்.

ஒரு முறை பார்த்ததும் ஜோக் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஒரே விடை உள்ள புதிர் ஒரு முறைதான் ஓடும். விடைகளைப் பெருக்குங்கள். 10 தாளை மூன்று கீற்றாக வெட்டித் தலை, உடல், கால் என்று புரட்ட வைத்தால் 1,000 உருவங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ 1961-இல் 10 சானெட்டுகளை (14 வரிக் கவிதைகளை) வரிக்கு ஒரு கீற்றாக, 14 கீற்றுகளாக வெட்டிக் கொடுத்தார். அதில் அடங்கிய கவிதைகள் கோடியைக் கோடியால் பெருக்கிய அளவு. கீற்றுப் புத்தகத்தில் தப்பு நடப்பது மூட்டில். எல்லாத் தாளிலும் கழுத்து ஒரே இடத்தில் ஒரே அகலத்தில் வெட்டுக்கோட்டைத் தொட வேண்டும், 1 மி.மீ. விலகினாலே உருவம் உடைந்து தெரியும். ஒரு வழிகாட்டித் தாளை அடியில் வைத்து அத்தனையையும் வரையுங்கள்.

இன்னொரு வழி, நகைப்புக்கு அடியில் ஒரு தகவல் வைப்பது. சிரித்து முடித்தவர் அதற்காக மறுபடி திரும்புவார்.

கனமான தலைப்பை விளையாட்டாகச் செய்யலாமா?

செய்யலாம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்பதில்தான் எச்சரிக்கை. படிவத்தின் குழப்பத்தைக் கேலி செய்யுங்கள், அதை நிரப்பத் திணறுபவரை அல்ல.

ஏற்கெனவே யாரோ செய்துவிட்டார்கள் போல இருக்கிறது. விட்டுவிடவா?

விதியும் விளைவும் இரண்டுமே ஒன்றென்றால் விடுங்கள். விதி மட்டும் ஒன்றென்றால் உங்கள் தலைப்பு அதை எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்து முடிவெடுங்கள், விளக்கக் குறிப்பில் முன்னோடியின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் கண்டுபிடித்துக் கேட்பதைவிட அது மேல்.

விமர்சன அமர்வில் "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்கு?" என்கிறார்கள். என்ன பதில்?

அந்தக் கேள்வி வந்தால் விதிக்கும் தலைப்புக்கும் இடையில் கயிறு இல்லை என்று பொருள். வார்த்தையால் முடிச்சுப் போட முயலாதீர்கள். "மறதி என்பதால் எழுத்தைக் கைவிட்டேன்" என்று ஒரு 'என்பதால்' இயல்பாக வருகிறதா என்று எழுதிப் பாருங்கள். "மறதி என்பதால் இளஞ்சிவப்பு" என்று எழுதும்போது உங்களுக்கே கூசும். கூசுகிற முடிவுகளை மட்டும் மாற்றினால் போதும், புராஜெக்ட் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

போர்ட்ஃபோலியோவில் இதை எப்படிக் காட்டுவது?

கையில் எடுத்து விளையாடும் பொருளை ஒரே ஒரு நேர்ப்படத்தில் காட்டினால் அது வெறும் புத்தக அட்டைதான். மூடிய நிலை, பாதி திறந்த நிலை, கை தொடும் தருணம், முழு விரிப்பு, தாள் தெரியும் நெருக்கம் என்று 5 படங்கள். அதோடு 15 விநாடி ஒலியில்லாத வீடியோ, முதல் 3 விநாடிக்குள் ஏதாவது நடந்துவிட வேண்டும். விதியை அப்படியே ஒரு வாக்கியமாக மேலே போடுங்கள். விளக்கம் 60 சொல்லுக்குள். தோற்ற டம்மிகளில் இரண்டைச் சேருங்கள், எது ஏன் கைவிடப்பட்டது என்று ஒரு வரி குறிப்போடு. மாணவரின் வேலையைப் பார்ப்பவர்கள் அந்த வரிகளில் நிற்பதுண்டு. படம்பிடிக்கும் நாளுக்கு ஒரு பிரதியைத் தொடாமல் தனியாக எடுத்துவையுங்கள். சோதனைக்குக் கொடுத்த பிரதிகளில் ஐந்து பேருடைய விரல் ரேகையும் இருக்கும்.